ஈரத்துணியில் ஊதா

சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஒருவருக்கும் அவளைத் தெரியாது. ஊதாக்கா என்று கேட்டால், கேட்டவரின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். பூட்டுக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ஜன்னலைப் பெயர்த்துக் கடையாக்கிய மாதிரி ஓர் இடம். அதற்குள் ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மிக்ஸி, ஒரு கண்ணாடிப் பெட்டி, அவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஊதா. ராசவள்ளிக்கிழங்கு கேக், ராசவள்ளி ஐஸ்கிரீம், ராசவள்ளிப் பால். வேறு எதையும் அவள் விற்றதில்லை. "ஒரு டீயாவது போடக்கூடாதாக்கா?" என்று கேட்பவர்களிடம், "டீக்கு ஊர் பூரா கடை இருக்கு, போய்க் குடிங்க" என்று சொல்லிவிடுவாள். வியாபாரம் செய்கிறவள் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

ராசவள்ளியின் வெளித்தோற்றத்தைப் பார்த்தால் யாருக்கும் அதன்மேல் மரியாதை வராது. மண்ணும் சல்லிவேரும் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த விறகுக்கட்டை மாதிரி கிடக்கும். இதையா தின்பார்கள் என்று தோன்றும். வெட்டினால்தான் உள்ளே இருக்கிற ஊதா தெரியும். அதை வேகவைத்து மசித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்து அடிகனமான வாணலியில் கிளறினால், அந்த வாசனைக்கே பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். "சாயம்தானே?" என்று தினமும் யாராவது ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். ஊதாக்கா இரண்டு கைகளையும் விரித்து நீட்டுவாள். நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை ரேகை எல்லாம் ஊதா. "சாயம் கலக்கறதுன்னா நான் எதுக்குய்யா இதை உரிச்சிச் சாகறேன்?" என்பாள்.

இந்தக் கிழங்கை அவள் தேடிப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய பேக்கரியின் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். அங்கே ஐஸ்கிரீமுக்காக இந்தக் கிழங்கு வந்து இறங்கும். பச்சையாக உரித்தால் கை அரிக்கும். மற்ற பெண்களெல்லாம் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி நழுவிக்கொண்டார்கள். இவளுக்குச் சாக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து உரித்தாள். அப்படியே அது அவள் வேலை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமையல்கட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் அவர் வந்தார். பெயின்டர். ஏணிமேல் நின்றுகொண்டு தன்பாட்டுக்கு மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். கிளறி இறக்கிய வாணலியை ஆறவைத்துவிட்டுப் பால் எடுக்கப் போன ஊதாக்கா திரும்பி வந்து பார்த்தால், விழுதின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். அறையில் வேறு ஆளே இல்லை.

"நீங்கதானே?"

"எதைங்க?"

"இதைத் தொட்டது."

"நான் எதுக்குங்க அதைத் தொடப் போறேன்? நான் பெயின்ட் அடிக்க வந்தவன்."

"உங்க வாய் பொய் சொல்லுது. உதடு சொல்லல."

அவர் புறங்கையால் உதட்டைத் துடைத்தார். கையிலிருந்த வெள்ளை உதட்டில் அப்பிக்கொண்டது, உதட்டிலிருந்த ஊதா கைக்கு வந்தது. ஏணிமேல் நின்றபடியே இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு இருக்கிற வாயைப் பாருங்கள். அந்தத் திருடனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் சொந்தக் கடை என்ற யோசனை வந்தது. முதல் கேக்கை வீட்டு அடுப்பிலேயே சுட்டுப் பார்த்தாள். நன்றாக உப்பட்டுமே என்று சோடா மாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டாள். வெந்து வெளியே வந்தது பச்சை. கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை. குளத்து அடியில் கிடந்து எழுந்து வந்த மாதிரி ஒரு பச்சை. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நான் எத்தனையோ சுவர் பாத்திருக்கேன். இப்படி ஒரு கலரைக் கலக்க எனக்கு இன்னும் கை வரலம்மா" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பச்சைக் கேக்கையும் விடாமல் உட்கார்ந்து தின்று தீர்த்தவர் அவர்தான். அதில் சர்க்கரை இருந்ததே, விடுவாரா?

இனிப்பு என்றால் அவருக்கு உயிர். ஆனால் கிழங்கு என்றால் ஒன்றும் கிடையாது. இதை வெளியாட்களுக்குப் புரியவைக்க முடியாது. வெந்த கிழங்கை மசித்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பாள். மறுநாள் கேக்குக்கு அது வேண்டும். கறுத்துப்போன மாதிரி அழுத்தமான ஊதாவாக இருக்கும். அதை அவர் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். "சர்க்கரை போடாத கிழங்கைத் தின்ன நான் என்ன பன்னியா?" என்பார். மேல்தட்டில் கண்ணாடி ஜாடியில் இருக்கிற இனிப்பு விழுது மேல்தான் கண். பால் சேர்ந்து வெளுத்து, பூ மாதிரி இருக்கும் அது. அதற்காகவே ஊதாக்கா ஒரு தந்திரம் வைத்திருந்தாள். ஜாடியை மூடுமுன் விழுதின் மேற்பரப்பை மட்டமாகத் தடவிவிட்டு, ஸ்பூன் காம்பால் ஒரு பெருக்கல் குறி கீறிவிடுவாள். காலையில் குறி கலைந்திருந்தால் திருடன் வந்துபோயிருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் உதட்டைப் பார்த்தால் போதும். மகள்கூடச் சின்ன வயதில், "அம்மா, இன்னைக்குக் குறி போச்சு" என்று காட்டிக் கொடுப்பாள். அவர் மகளைப் பார்த்து, "எட்டப்பி!" என்பார். வீடே சிரிக்கும்.

சிரித்த வீட்டில் இருமல் வந்து உட்கார்ந்தது. முதலில் தூசு என்றார்கள், பிறகு பெயின்ட் வாடை என்றார்கள். வாழ்நாளெல்லாம் சுவரைச் சுரண்டியும் வாடையை இழுத்தும் வேலை செய்த மனிதருக்கு நுரையீரல் நார் நாராகிவிட்டது என்று கடைசியில் டாக்டர் சொன்னார். இரண்டு படி ஏறினால் இறைத்தது. ஏணி ஏறுகிற வேலை போய்விட்டது. வீட்டில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி, பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் மெல்லிய குழாய் என்று அவருடைய உலகம் சுருங்கிப்போனது.

சும்மா இருக்கிற ஆளா அவர்? நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெந்த கிழங்குகளைத் தோல் உரித்துக் கொடுத்தார். "ஒரு பெயின்டரை இந்த வேலைக்கு எடுத்திருக்கியே, கூலி என்ன தர்றே?" என்று கேட்பார். "திருடாம இருந்தா அதுவே பெரிய கூலி" என்பாள் அவள்.

ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்கள். பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். தினமும் கொஞ்ச நேரம்தான் உள்ளே விட்டார்கள். எப்படியோ தேறி வெளியே வந்தார். வந்த அன்றைக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவை என்னை அங்க கொண்டுபோகாதே."

"வாயை மூடுங்க."

"கையைக் கட்டிப் போட்டுட்டாங்கம்மா. மூக்கு அரிச்சாக்கூடச் சொறிய முடியல. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதுக்கிட்டிருந்தே. நான் ஒண்ணுமில்லன்னு சொல்லக்கூட வாய் இல்ல."

"உயிரோட வந்தீங்கல்ல? அப்ப கொண்டுபோவேன். எத்தனை தடவை ஆனாலும் கொண்டுபோவேன்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்போது டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "உதடும் நகமும் நீலமாச்சுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. உடனே கூட்டிட்டு வந்துடுங்க. நேரத்துல வந்தா காப்பாத்திடலாம்."

உதடு நீலமானால். இதை வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் சுலபம். இந்த வீட்டில் சொன்னால் என்ன செய்வது? நகத்தைப் பார்க்கலாமென்றால், கிழங்கு உரித்து உரித்து அவர் நகமெல்லாம் ஊதா. விரலில் மாட்டிப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். கறை படிந்த விரலில் அது வாய்க்கு வந்ததைக் காட்டியது. ஒருநாள் நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரைப் பாதிச் செத்தவர் என்று காட்டியதும், ஊதாக்கா அதைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது உதடுதான். உதடு பொய் சொல்லாது என்பது அவளுக்கு ஏணிக் காலத்திலிருந்தே இருக்கிற நம்பிக்கை.

அதனால் ஒரு சட்டம் போட்டாள். இனிப்பு விழுதை அவர் தொடக்கூடாது. உடம்புக்கு ஆகாது என்பதற்காக அல்ல, உதடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குழாயை இழுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் போய் வந்தார். சட்டம் போடுகிறவர்களுக்கு உடைக்கிறவர்களின் சாமர்த்தியம் என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

ஆகவே துணி வந்தது. பழைய வெள்ளைத் துண்டை நாலாகக் கிழித்து, அதில் ஒன்றை நனைத்துக்கொண்டு காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவர் முன்னால் நிற்பாள். உதட்டை ஒரு இழுப்பு துடைப்பாள். துணியில் ஊதா ஒட்டினால் திருட்டு. ஒட்டாமல் உதடு மட்டும் ஊதாவாக இருந்தால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் கணக்கு. அவர் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். அவள் தாடையைப் பிடித்து நிறுத்தித் துடைப்பாள். ஊதா ஒட்டிவிட்டால் அன்றைக்கு மண்டகப்படிதான். தெருவுக்கே கேட்கும். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். திட்டிக்கொண்டே செருப்பைப் போடுவாள், திட்டிக்கொண்டே படி இறங்குவாள், தெருமுனை திரும்பியதும் சிரித்துக்கொள்வாள். திருடித் தின்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று.

மகள் வேறு ஊரில் குடும்பமாக இருந்தாள். அவள் ஒரு வேலையைப் பிடித்தால் முடிக்காமல் விடமாட்டாள். அப்பாவுக்காக அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேசி, படுக்கைக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். ஒரு சாயங்காலம் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்கள்.

"அப்பா, அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அங்க புது மெஷின் எல்லாம் இருக்காம். ஒரு மாசம் இருக்க வேண்டி வரும். சாக்கு சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்."

"வாம்மா, வா" என்றார் அவர். "வரும்போது எனக்கு எதுவும் வாங்கிட்டு வராதே. உங்கம்மா விடமாட்டா."

"நீங்க வந்தாப் போதும்ப்பா."

போனை வைத்த பிறகு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊதாக்கா அடுப்படியில் விழுது கிளறிக்கொண்டிருந்தாள். மறுநாள் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் கேட்டிருந்தார்கள். கிளறி ஆறவைத்து, கேக்குக்கு எடுத்தது போக மிச்சத்தை ஜாடியில் போட்டு மட்டம் செய்து, பெருக்கல் குறி கீறி, மூடி வைத்தாள்.

மறுநாள் காலை அவளுக்கு நிற்க நேரமில்லை. கேக்கைப் பெட்டியில் இறக்க வேண்டும், அழுங்காமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் குளித்துவிட்டு வந்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழக்கத்தைவிட மூச்சு கொஞ்சம் மேலே இருந்தது.

"என்னங்க, இறைக்குதா?"

"குளிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ்வளவு தூரம் போய்ட்டு வரணும்ல? இறைக்காதா?" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவர் முகத்தைத் திருப்பவில்லை. அவராகவே முகத்தை நீட்டினார். அவள் ஒரு இழுப்பு துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். ஊதா. நல்ல அழுத்தமான ஊதா.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை எடுத்தாச்சு, தலை நரைச்சாச்சு, இன்னும் திருட்டுப் புத்தி போகல. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே! பிறந்தநாள் கேக்குக்குக் கிளறினதுங்க அது. கையை வச்சீங்களே, அந்தப் பிள்ளைக்கு நான் எச்சிலையா குடுப்பேன்?"

"கேக்குல இறக்கினது போக மிச்சத்துலதான் எடுத்தேன்."

"பேச்சைப் பாரு! போன் பண்ணி உங்க பொண்ணுகிட்டச் சொல்றேன் இருங்க."

"சொல்லு. இன்னும் கொஞ்சம் திட்டிட்டுப் போ" என்றார். "கேக்க நல்லா இருக்கு."

"சாயங்காலம் வந்து வச்சுக்கறேன் கச்சேரியை."

"கதவைச் சாத்தாதே. காத்து வரட்டும்."

அவள் திட்டிக்கொண்டே செருப்பைப் போட்டாள், திட்டிக்கொண்டே கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். தெருமுனையில் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டாள். இன்னொரு இழுப்பு துடைத்திருக்கலாம். துணியைப் பார்த்த நேரத்தில் உதட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் துணியில் ஊதா வந்துவிட்டால் அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதானே அந்த வீட்டுக் கணக்கு.

கேக்கை வாங்கிப் போனார்கள். ராசவள்ளிப் பாலுக்கு மாணவர்கள் வந்து நின்றார்கள். கண்ணாடிக் குவளையின் அடியில் விழுதைப் போட்டு, மேலே குளிர்ந்த பாலைக் கலக்காமல் ஊற்றிக் கொடுப்பாள். ஊதா அடியிலிருந்து மெல்ல ஏறி வருவதைப் பார்ப்பதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு அம்மா ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை.

"அக்கா, சீக்கிரம் வா. அண்ணன் கூப்பிட்டாப் பேச மாட்டேங்கறார்."

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள். பூட்டுக்கடைக்காரர்தான் பிறகு இழுத்துச் சாத்தினாராம்.

அவர் நாற்காலியிலேயே இருந்தார். முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உதடு ஊதாவாக இருந்தது. ஊதாக்கா கத்தவில்லை, அவரை உலுக்கவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்து, நனைத்து, வந்து துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. மறுபடி துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். "ஒட்டுதா பாரு, ஒட்டுதா பாரு" என்று கீழ்வீட்டு அம்மாவிடம் துணியைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? அவள் கையைப் பிடித்து நிறுத்தி, துணியை வாங்கிக்கொண்டு, "போதும்க்கா, விட்டுடு" என்றாள்.

மகள் வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். காலையில் எப்படி இருந்தார்? மூச்சு இறைக்கவில்லையா? பார்த்தாலே தெரிந்திருக்குமே? சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிறவர்கள் பாதிப் பேர் போலீஸ்காரர்கள். மகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"உதட்டைப் பாக்கலையாம்மா நீ?"

"பாத்தேன். துடைச்சேன். துணியில ஊதா வந்துச்சு. எடுத்துத் தின்னிருக்கார்னு நெனச்சுத் திட்டிட்டுப் போயிட்டேன்."

மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லிட்டு... அங்க சேத்திருந்தா அப்பா இருந்திருப்பாரும்மா."

"உன் மேல என்ன தப்பு?"

"ஒரு வாய் இனிப்புக்கு ஆசைப்பட்டு இப்படி ஆயிடுச்சே."

ஊதாக்காவின் மனதுக்குள் கேள்விகள் அரித்துக்கொண்டிருந்தன. ஜாடியை எட்டாத இடத்தில் வைத்திருந்தால்? கிழங்குத் தொழிலையே விட்டிருந்தால்? கட்டின புருஷன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது எதிரில் நின்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனவள் நான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூலையில் கிடந்த கிழங்கு மூட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கடையைத் திறக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை.

மகள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலை வந்தது. அம்மாவையும் கூட அழைத்துப் போவதாக ஏற்பாடு. மகள் உள்ளறையில் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டிப் போட்டால் ஃப்ரிட்ஜில் இருப்பது கெட்டுவிடும் என்று ஊதாக்கா அதைக் காலி செய்யப் போனாள். அன்றைக்கு அப்புறம் அதை அவள் திறந்து பார்க்கவே இல்லை. பாலும் மோரும் கீழ்வீட்டு அம்மாதான் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

மேல்தட்டிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

பெருக்கல் குறி கலையாமல் இருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஜாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் கீறின குறிதான். ஓரம்கூட உடையவில்லை. அப்படியானால் துணியில் வந்த ஊதா? ஜாடியை மேடைமேல் வைத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். சர்க்கரை போடாத கிழங்கு. அவர் கண்ணெடுத்தும் பார்க்காதது. அதன் மேற்பரப்பில் இரண்டு விரல் பதிந்து இழுத்த தடம் இருந்தது. தோண்டி எடுத்த தடம் இல்லை. தின்பதற்காக எடுக்கிறவன் தோண்டுவான். இது, சுவரில் பூசுமுன் பெயின்டைத் தொட்டுப் பார்க்கிறவன் இழுக்கிற இழுப்பு. எத்தனை வீடுகளில் அவர் அப்படித் தொட்டு, நகத்தில் தேய்த்து, நிறம் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள்!

பால் சேர்த்த விழுது வெளுப்பு. கீழே இருக்கிற நிறத்தை அது மறைக்காது. மறைக்க வேண்டுமானால் அழுத்தமானது வேண்டும். அது அவருக்குத் தெரியாதா?

ஊதாக்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணியில் ஊதா வந்தால் கிழங்கு, வராவிட்டால் ஆஸ்பத்திரி. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை என்றுதானே நினைத்திருந்தாள். ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. காலையில் எழுந்து கண்ணாடியில் உதட்டைப் பார்த்திருக்கிறார். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடந்திருக்கிறார். ஒரு நாளும் தொடாததைத் தொட்டு, உதட்டில் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பிறகு அவராகவே முகத்தை நீட்டியிருக்கிறார்.

கோபம்தான் முதலில் வந்தது. என்னை ஏமாத்திட்டீங்களே என்று. வாய் பொய் சொல்லும், உதடு சொல்லாது என்று நம்பியவளை உதட்டை வைத்தே ஏமாற்றிவிட்டார். கண்ணாடிக் கதவும், கட்டின கையும், தொண்டைக் குழாயும் வேண்டாம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டு, அவள் கையால் ஒரு துடைப்பும் அவள் வாயால் ஒரு திட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கேட்க நல்லா இருக்கு என்றாரே! அதை நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை மட்டும் இருந்தது. அதையும் சத்தம் வராமல் முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, ஃப்ரிட்ஜை நான் பாத்துக்கறேன். நீ விடு. இதோ வந்துட்டேன்."

வந்தால் ஜாடியைப் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே குறி பார்த்து வளர்ந்தவள். குறி கலையவில்லை என்றால் அவளுக்கும் ஒரு நொடியில் விளங்கிவிடும். அடுத்த வாரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவள் போன் பண்ணியது முந்தின நாள் சாயங்காலம். அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா மறுநாள் உதட்டில் பூசிக்கொண்டார் என்று தெரிந்தால், அந்தப் பெண் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள்.

ஊதாக்கா எழுந்தாள். டப்பாவில் இருந்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்து மட்டமாக்கி, மூடி, இருந்த இடத்தில் வைத்தாள். ஒரு ஸ்பூனை எடுத்து ஜாடியில் பெருக்கல் குறியின் நடுவில் விட்டுத் தோண்டினாள். தோண்டியதைப் போட வேறு இடமில்லை. வாயில் போட்டுக்கொண்டாள். பல நாளாக ஃப்ரிட்ஜில் கிடந்து லேசாகப் புளித்திருந்தது. விழுங்கினாள்.

மகள் வந்து ஜாடியை எட்டிப் பார்த்தாள். கலைந்த குறியைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று ஊதாக்கா நினைத்தாள். அவள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"நடுவுலயே கை வச்சிருக்காரும்மா. பாரேன், ஓரமா எடுத்தா தெரியாதுன்னுகூட அப்பாவுக்குத் தோணல."

"அவருக்கு என்னைக்குத் தோணியிருக்கு?" என்றாள் ஊதாக்கா.

"ஆசைப்பட்டதைத் தின்னுட்டுத்தான் போயிருக்கார். அது ஒண்ணுதான் ஆறுதல்."

"ஆமாம்மா. இனிப்புன்னா உங்கப்பாவுக்கு உயிராச்சே."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நீயும் எடுத்துச் சாப்பிட்டியா? உதட்டுல ஒட்டியிருக்கு" என்று சொல்லி, கைக்குக் கிடைத்த துணியை நனைத்து எடுத்துவந்தாள்.

ஊதாக்கா முகத்தைத் திருப்பவில்லை. அவளாகவே நீட்டிக் கொடுத்தாள்.